லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி: ஒளிப்படக் கேள்வி–பதில்

(போலரைசர், என்.டி. என்னும் இரு ஃபில்டர்களைப் பற்றி வந்திருந்த கேள்விகளை மட்டும் தொகுத்து இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவரது கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.)

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். கேமராவுடன் வந்த 18–55 லென்ஸ் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. ஒரே ஒரு ஃபில்டர் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்திருக்கிறேன். போலரைசர் வாங்கலாமா, என்.டி. வாங்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: போலரைசர் வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

என்.டி. (நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டர் என்பது நிறம் மாறாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் சாம்பல் நிறக் கண்ணாடி. அது கொடுப்பது நேரம். அதாவது, ஷட்டரை இன்னும் சற்று அதிக நேரம் திறந்துவைக்கும் வசதி. அந்த நேரத்தை வேறு வழிகளிலும் ஓரளவு பெற்றுவிடலாம். விடியற்காலையிலோ அந்தி மயங்கும் வேளையிலோ எடுத்தால் வெளிச்சமே குறைவாக இருக்கும். அல்லது முக்காலியில் கேமராவை வைத்து அசையாமல் 20, 30 படங்களை எடுத்து, பின்னர் கணினியில் அவற்றின் சராசரியைக் கணக்கிட்டு ஒரே படமாக்கலாம். போலரைசர் செய்வதற்கு இப்படிப்பட்ட மாற்று வழி கிடையாது.

ஒளி ஓர் அலை. சூரியனிலிருந்து வரும்போது அதன் அதிர்வு எல்லாத் திசைகளிலும் இருக்கிறது. இலை, நீர், கண்ணாடி, வார்னிஷ் பூசிய மரம் போன்ற பரப்புகளில் பட்டுத் தெறிக்கும்போது ஒரு திசை அதிர்வு மிகுந்தும் மற்றது குறைந்தும் போகிறது. பள்ளிப் பாடநூல்கள் இதைத் தளவிளைவு என்கின்றன. போலரைசர் அந்த ஒரு திசை அதிர்வை வழிமறித்து மற்றதை உள்ளே விடுகிறது. ஆகவே, பரப்பின் மேலே மிதக்கும் வெள்ளைப் பளபளப்பு மறைந்து, அதற்கு அடியில் இருக்கும் உண்மையான நிறம் வெளிப்படுகிறது.

உங்கள் ஊரிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கதிர் வாங்காத நெல் வயலின் வரப்பில் காலை எட்டு மணிக்கு நில்லுங்கள். கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் வயல், படத்தில் பாதி பச்சையும் பாதி வெள்ளிப் பூச்சுமாக விழுந்திருக்கும். ஒவ்வொரு தாளின் முதுகிலும் வானம் பிரதிபலிப்பதே அதற்குக் காரணம். போலரைசரை மாட்டி, அதன் முன்வளையத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே திரையைப் பாருங்கள். கால் சுற்றுக்குள் அந்த வெள்ளிப் பூச்சு ஈரத் துணியால் துடைத்ததுபோல் விலகும். கணினியில் பச்சையை எவ்வளவு ஏற்றினாலும் இது கிடைக்காது. பளபளப்பில் புதைந்துபோன இலையின் நிறம் கோப்பில் பதிவாகவே இல்லை, இல்லாததை மென்பொருள் எங்கிருந்து எடுக்கும்?

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். லென்ஸின் முன்வளையத்தில், குறுக்குக் கோடு போட்ட வட்டக் குறிக்குப் பக்கத்தில், 52, 55, 58 என்று ஓர் எண் இருக்கும். ஃபில்டரின் விட்டம் அதுதான். ஆனால் நாளைக்குப் பெரிய லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால், 67 அல்லது 77 மி.மீ. ஃபில்டரை வாங்கி, சிறிய லென்ஸில் அதை மாட்டுவதற்கான வளையத்தைத் தனியே வாங்கிக்கொள்வது சிக்கனம். பெரிய ஃபில்டரைச் சிறிய லென்ஸில் மாட்டலாம். சிறியதைப் பெரியதில் மாட்டினால் படத்தின் நான்கு மூலைகளும் இருண்டுவிடும்.

கேள்வி: போலரைசர் மாட்டினால் வானம் கருநீலமாகும் என்று சொன்னார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைக் காலையில் எடுத்தேன். வானத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அதே நாளில் வேறொரு பக்கம் திரும்பி எடுத்தபோது, வானத்தின் ஒரு பகுதி மட்டும் மைக்கறை போல் இருண்டிருந்தது. ஃபில்டர் பழுதா? (வாசகர், சென்னை)

பதில்: ஃபில்டர் பழுதில்லை; நீங்கள் நின்ற இடம்தான் இரண்டுக்கும் காரணம்.

வானத்தின் நீல ஒளி, காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறி வரும் சூரிய ஒளி. சூரியனிலிருந்து சரியாக 90 பாகை விலகியிருக்கும் வானப் பகுதியில்தான் அந்தச் சிதறல் ஒளியின் தளவிளைவு உச்சத்தில் இருக்கிறது. சூரியனை நெருங்க நெருங்கவும், சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தை நெருங்க நெருங்கவும் அது குறைந்து மறைகிறது. இந்தப் பகுதியைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். ஆள்காட்டி விரலை அச்சாகக் கொண்டு மணிக்கட்டைச் சுழற்றினால், கட்டைவிரல் வானத்தில் எந்தப் பட்டையைத் தொட்டுச் செல்கிறதோ அங்கேதான் போலரைசர் முழு வலிமையுடன் வேலை செய்யும்.

இப்போது பெரிய கோயிலுக்கு வருவோம். கோயில் கிழக்குப் பார்த்தது. காலையில் நந்தி மண்டபத்தின் அருகே நின்று விமானத்தை எடுத்தால், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது சூரியனுக்கு எதிர்ப்புறமான மேற்கு வானம். அங்கே போலரைசருக்கு அதிக வேலை இல்லை. அதே நேரத்தில் தெற்குப் பிராகாரத்துக்குப் போய் வடக்கு நோக்கிப் பாருங்கள். சூரியன் உங்கள் வலத்தோளின் பக்கம் வந்துவிடும். வானம் ஆழ்ந்த நீலமாகும். கூடவே இன்னொரு நன்மையும் உண்டு. பக்கவாட்டில் விழும் வெயில், 216 அடி உயர விமானத்தின் ஒவ்வொரு தளத்திலும் உள்ள சிற்பங்களுக்கு நிழல் கொடுத்து உருவங்களைத் துலக்கிக் காட்டும். நேர் வெயிலில் தட்டையாகத் தெரிந்த கல், அந்தக் கோணத்தில்தான் உருட்டிக் கடைந்ததுபோல் நிற்கும்.

ஒரு பகுதி மட்டும் இருண்டது ஏன் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. 18 மி.மீ. போன்ற அகலக் கோண லென்ஸ், கிடைமட்டத்தில் 60 பாகைக்கும் மேற்பட்ட வானத்தை உள்ளடக்கிவிடுகிறது. அந்த அகலத்துக்குள் தளவிளைவு உச்சமான பகுதியும் குறைந்த பகுதியும் சேர்ந்தே வந்துவிடுவதால் வானம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. இதற்கு மருந்து, வளையத்தை உச்சத்துக்குத் திருப்பாமல் பாதியில் நிறுத்துவது; அல்லது 35 மி.மீ.க்கு மேல் போய்விடுவது. படுக்கை வாட்டில் எடுத்துவிட்டுக் கேமராவை நெடுக்காகத் திருப்பினால், ஃபில்டரும் சேர்ந்து 90 பாகை திரும்பிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. வளையத்தை மறுபடியும் சரிசெய்தாக வேண்டும்.

நம்மூருக்கே உரிய ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலைநாட்டு நூல்கள் உச்சிவெயிலில் படம் எடுக்காதே என்கின்றன. ஆனால் ஏப்ரல் பாதியிலும் ஆகஸ்டு இறுதியிலும் தஞ்சைப் பகுதியில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. அதிலிருந்து 90 பாகை என்றால் அடிவானத்தைச் சுற்றிய முழு வட்டம். ஆகவே அந்த ஒரு மணி நேரத்தில் எந்தத் திசையில் திரும்பினாலும், தூசியும் புகையும் இல்லாத நாளாக இருந்தால், அடிவானத்தை ஒட்டிய வானம் அடர்ந்து தெரியும். கோபுரத்துக்கு நல்ல நேரம் அதுவல்ல என்பது வேறு விஷயம்.

கேள்வி: அப்பா ஃபிலிம் கேமரா காலத்தில் வாங்கிய போலரைசர் ஒன்று வீட்டில் இருக்கிறது. டிஜிட்டல் கேமராவுக்கு ‘சர்க்குலர்’ வகைதான் வேண்டும் என்கிறார் கடைக்காரர். அவர் விற்பதற்காகச் சொல்கிறாரா? (வாசகர், சிவகாசி)

பதில்: முழுக்க அப்படி இல்லை, உங்கள் கேமரா எது என்பதைப் பொறுத்தது.

கண்ணாடி மடங்கி எழும் எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவில், ஆட்டோஃபோகஸுக்கான ஒளி பாதி ஊடுருவும் ஓர் ஆடியின் வழியாகப் போகிறது. ஒரே திசையில் அதிரும் ஒளி வந்தால் அந்த ஆடி அதைச் சமமாகப் பிரிக்காது. வெளிச்சக் கணக்கும் ஃபோகஸும் தடுமாறலாம். இதைத் தவிர்க்க, போலரைசரின் பின்புறத்தில் கால் அலைத் தகடு என்னும் மெல்லிய படலத்தை ஒட்டி, வெளியேறும் ஒளியின் அதிர்வைச் சுழல வைக்கிறார்கள். அதுவே சர்க்குலர் போலரைசர். மிரர்லெஸ் கேமராவில் அந்த ஆடியே இல்லை. ஆகவே பெரும்பாலும் அப்பாவின் ஃபில்டரே போதும். நிறத் திரிபும் படல உரிவும் இல்லையா என்று வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அது எந்த வகை என்று தெரியாவிட்டால் கணினியின் எல்.சி.டி. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் மாட்டும் திருகு உங்கள் கண் பக்கம் இருக்குமாறு ஃபில்டரைப் பிடித்துச் சுற்றினால், ஓரிடத்தில் திரை கறுத்துவிடும். பிறகு ஃபில்டரைப் புரட்டி, திருகு திரைப் பக்கம் இருக்குமாறு பிடித்துச் சுற்றுங்கள். மீண்டும் கறுத்தால் அது பழைய நேர்வகை (லீனியர்). கறுக்காமல், வெள்ளை சற்று மஞ்சளாகவும் நீலமாகவும் மாறி மாறித் தெரிந்தால் சர்க்குலர். கடையில் வாங்கும்போதும் கைப்பேசியை நம்பாமல் கல்லாவிலுள்ள கணினித் திரையில் இதைச் செய்துபாருங்கள். சாதாரணக் கண்ணாடியைப் போலரைசர் என்று விற்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவியைப் பட்டு நூல் போல எடுக்க ஆசை. அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) எஃப் 22 வரை மூடினேன்; நீர் ஓரளவு மென்மையானது, ஆனால் படம் முழுவதும் கூர்மை குறைந்துவிட்டது. (வாசகர், தென்காசி)

பதில்: மிகச் சிறிய துளையின் வழியாகப் போகும் ஒளி விளிம்புகளில் வளைந்து பரவுகிறது. பல கேமராக்களில் எஃப் 11ஐத் தாண்டியதும் அந்த மழுங்கல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. என்.டி. ஃபில்டர் தேவைப்படுவதே இந்த இடத்தில்தான்.

கணக்கு எளிது. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகிறது, நேரம் இரட்டிக்கிறது. என்.டி.8 என்றால் எட்டில் ஒரு பங்கு ஒளி, மூன்று ஸ்டாப்; என்.டி.64 என்றால் ஆறு ஸ்டாப், என்.டி.1000 என்றால் பத்து ஸ்டாப். இதே எண்களைச் சிலர் 0.9, 1.8, 3.0 என்றும் பொறித்திருப்பார்கள். ஒரு ஸ்டாப்புக்கு 0.3 என்று வகுத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

மேகம் மூடிய சாரல் நாளில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, எஃப் 8 என்று வைத்தால், ஷட்டர் வேகம் சுமார் 1/125 நொடி வருவதாகக் கொள்வோம். எஃப் 11க்குப் போனால் 1/60. போலரைசரைச் சேர்த்தால், அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் விழுங்குவதால், 1/15. அதன் மேல் என்.டி.8 சேர்த்தால் அரை நொடி. குற்றாலத்துக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. சீசன் உச்சத்தில் பேரருவியில் நீர் கொட்டும் வேகத்துக்கு 1/8 நொடியே இழைகளைக் காட்டிவிடும். இரண்டு மூன்று நொடி வைத்தால் இழைகள் எல்லாம் கூடி ஒரே வெள்ளைச் சுவராகிவிடும். நீர் மெலிந்து வழியும் நாளில் மட்டும் ஒரு நொடி வரை போகலாம். அருவிக்கடியில் குளிப்போர் யாராவது இருந்தால் அவர்கள் உருவம் கலைந்துவிடும் என்பதால், அதிகாலையில் கூட்டம் சேர்வதற்கு முன் போவது நல்லது.

இந்தக் கலவையில் போலரைசரை நான் வற்புறுத்துவது வெளிச்சத்தைக் குறைக்க மட்டுமல்ல. அருவியின் இருபுறமும் உள்ள நனைந்த பாறைகளும் செடிகளும் வானத்தை வாங்கி வெளுத்துத் தெரியும். போலரைசரைத் திருப்பியதும் பாறை தன் கரிய நிறத்துக்கும் பாசி தன் பச்சைக்கும் திரும்பிவிடுகின்றன. அந்தக் கருமைக்கு நடுவில் நீரின் வெண்மை தானாகவே எடுப்பாகத் தெரியும்.

சாரலை மறந்துவிடாதீர்கள். அரை நொடிப் படத்தில் லென்ஸின் மேல் விழுந்த ஒரு துளி, பெரிய மங்கல் வட்டமாகப் பதியும். நான் முதல் முறை போனபோது, வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தபிறகுதான் 40 படங்களிலும் ஒரே இடத்தில் அந்த வட்டம் இருப்பதைக் கண்டேன். இப்போதெல்லாம், கைக்குட்டை அளவுள்ள உலர்ந்த துணியால் லென்ஸை மூடியே வைத்திருந்து, ஷட்டரை அழுத்தும் முன்தான் துணியை எடுக்கிறேன்.

கேள்வி: பவளப் பாறைகள் தெரியும் ஆழமில்லாத கடலைப் படகுத் துறையிலிருந்து எடுக்கிறேன். நீரின் மேல் வானம் பிரதிபலிப்பதால் அடித்தளம் தெரிவதில்லை. எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நீரைப் பொறுத்தவரை கோணம் மிகத் துல்லியமானது. நீர்ப்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 53 பாகை சாய்ந்து பார்க்கும்போது பிரதிபலிப்பு முழுவதும் ஒரே திசையில் அதிர்கிறது. போலரைசர் அதை ஏறக்குறைய முற்றாக நீக்கிவிடும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த புரூஸ்டர் 1815இல் இந்த விதியைக் கண்டறிந்தார். பாகைமானி எதற்கு? பள்ளியில் படித்த 3–4–5 முக்கோணமே போதும். கேமரா நீர்மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், உங்கள் காலடியிலிருந்து 4 மீட்டர் தள்ளியிருக்கும் நீரைப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் உயரமென்றால் இரண்டு மீட்டர் தள்ளி. அதைவிடத் தொலைவில் பார்த்தாலும் அருகில் குனிந்து பார்த்தாலும் பிரதிபலிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். காற்று எழுந்து நீர் நொறுங்கிய நாளில் ஒவ்வொரு சிற்றலையும் வேறுவேறு கோணத்தில் சாய்ந்திருப்பதால் பலன் பாதிதான். காலையில், காற்று எழுவதற்கு முன் போங்கள்.

இதே வித்தையைத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஒருவர் நூறாண்டுக்கு முன் ஒரு கப்பல் தளத்தில் செய்துபார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1921இல் சி.வி. ராமன் இங்கிலாந்திலிருந்து ‘நார்குண்டா’ என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். கடலின் ஆழ்நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று இயற்பியலாளர் ராலே பிரபு கூறியிருந்தார். ராமனிடம் நிகோல் பட்டகம் ஒன்று இருந்தது. கால்சைட் படிகத்தை வெட்டி ஒட்டிச் செய்த அந்தக் காலத்துப் போலரைசர் அது. கடற்பரப்பை அந்தக் குறிப்பிட்ட கோணத்தில் பட்டகத்தின் வழியாகப் பார்த்து, வானத்தின் பிரதிபலிப்பை அணைத்தார். நீலம் அணையவில்லை, முன்னைவிட நன்றாகவே தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவுசெய்து, கப்பல் பம்பாய்த் துறைமுகம் வந்ததும் ‘நேச்சர்’ இதழுக்கு அதை எழுதி அனுப்பினார். திரவங்களில் ஒளிச்சிதறலை அவர் விடாமல் ஆராய்ந்த பாதைதான் 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவிலும் 1930இல் நோபல் பரிசிலும் கொண்டுபோய்விட்டது. போலரைசரைத் திருப்பும்போது நீங்கள் காணும் நீலமும் அவர் கண்ட அதே நீலம்தான்.

கேள்வி: கன்னியாகுமரியில் பத்து ஸ்டாப் என்.டி. போட்டு எடுத்த படங்களில் மூன்று குறைகள்: ஃபோகஸ் தவறுகிறது, நிறம் பழுப்பாகிறது, சில படங்கள் ஆடிப்போயிருக்கின்றன. முக்காலி பயன்படுத்தியும் இப்படி! (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பத்து ஸ்டாப் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி. அந்த இருட்டில் கேமராவின் ஆட்டோஃபோகஸ் தட்டுத்தடுமாறும். எனவே ஃபில்டரை மாட்டும் முன்பே காட்சியை அமைத்து, திருவள்ளுவர் சிலையின் மேல் ஃபோகஸ் செய்து, உடனே கையியக்க ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுத்து, சரியான ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொண்டு ஆயிரத்தால் பெருக்குங்கள். 1/60 வந்திருந்தால் 16 நொடி. 1/15 என்றால் சற்றேறக்குறைய ஒரு நிமிடம். கால் நொடி என்றால் நான்கு நிமிடத்துக்கு மேல். 30 நொடியைத் தாண்டினால் பல்ப் முறையும் (ஷட்டரை வேண்டிய நேரம் திறந்துவைக்கும் முறை) ரிமோட்டும் வேண்டும். ஃபிலிமில் நீண்ட நேரத்துக்குத் தனியே நேரம் கூட்ட வேண்டியிருந்தது. டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை, நேர்ப் பெருக்கலே போதும். எஸ்.எல்.ஆர். என்றால் கண் வைத்துப் பார்க்கும் துளையைக் கறுப்பு நாடாவால் மூடிவிடுங்கள். நிமிடக்கணக்கில் திறந்திருக்கும்போது அதன் வழியாகவும் ஒளி கசியும்.

பழுப்பு நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். மலிவான ஃபில்டர், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிக்கு நடுவில் அதுவே பெரிய கூட்டமாகிவிடுகிறது. ரா கோப்பில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து வெண்சமநிலையைச் சரிசெய்தால் ஓரளவு தீரும்.

ஆட்டத்துக்குக் காரணம் மணல். அலை வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் முக்காலியின் காலடியில் இருந்து மணலை அரித்துக்கொண்டு போகிறது. இரண்டு நிமிடத்தில் கால்களில் ஒன்று விரற்கடை அளவு இறங்கியிருக்கும், உங்களுக்குத் தெரியாது. பாறையின் மேல் வையுங்கள். மணலில்தான் வைத்தாக வேண்டும் என்றால், கால்களை ஆழமாக அமிழ்த்தி, இரண்டு மூன்று அலைகள் வந்து போகும் வரை காத்திருந்து, முக்காலி இறங்கி நின்றபின் எடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நான்கு நிமிடம் வைத்தெடுத்த கடல் பால்கஞ்சி போல இருக்கிறது. குமரியா, புரியா, கோவாவா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. 133 அடிச் சிலையின் பாறையில் மோதி நுரைத்துத் திரும்பும் அலையின் கோடுகளுக்கு அரை நொடி முதல் ஒரு நொடியே அழகு. அதற்கு மூன்று அல்லது ஆறு ஸ்டாப் போதும். அந்தப் பத்து ஸ்டாப் ஃபில்டரைப் படகுகளையும் நடமாடும் கூட்டத்தையும் படத்திலிருந்து மறையவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருமண வீடியோ எடுக்கிறேன். வளையத்தைத் திருப்பினால் இருட்டு கூடும், குறையும் என்ற ‘வேரியபிள்’ என்.டி. வசதியாக இருக்கிறது. ஆனால் பட்டுப் புடவையின் பளபளப்பு ஒரு காட்சியில் இருக்கிறது, அடுத்ததில் இல்லை. (வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: வேரியபிள் என்.டி. என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு போலரைசர்களே. அவற்றுக்கிடையிலான கோணம் 60 பாகையானால் நாலில் ஒரு பங்கு ஒளி போகும். 90ஐ நெருங்கினால் ஏறக்குறைய இருட்டு. முன்னால் இருப்பது போலரைசர் என்பதால், நீங்கள் வெளிச்சத்துக்காகத் திருப்பும்போதெல்லாம் பட்டின் மினுமினுப்பும் முகத்தின் பளபளப்பும் சேர்ந்தே மாறுகின்றன. தங்க நகை மட்டும் அப்படியே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உலோகத்தில் தெறிக்கும் ஒளிக்கு இந்தத் தளவிளைவு மிகக் குறைவு. அதிக இருட்டுக்குத் திருப்பினால் அகலக் கோணத்தில் பெருக்கல் குறி போன்ற நிழல் விழும் என்பதும் இதே காரணத்தால்தான்.

வெளிப்புறக் காட்சிக்கு நிலையான என்.டி. நல்லது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50. உச்சிவெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, 1/100 என்பது பழைய வாய்ப்பாடு; நீங்கள் எஃப் 2.8க்கு வந்தால் ஐந்து ஸ்டாப்பும், 1/50க்கு ஒரு ஸ்டாப்பும் கூடுகின்றன. ஆக என்.டி.64. லாக் முறையில் (பின்னர் நிறம் திருத்துவதற்கான தட்டையான பதிவு) ஐ.எஸ்.ஓ. 800இல் தொடங்கும் கேமராவானால் இன்னும் மூன்று ஸ்டாப் வேண்டும். மண்டபத்துக்குள் ஃபில்டரையே கழற்றிவிடுங்கள். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு வெளியில் மட்டும் செம்பழுப்பாகத் தெரிந்தால், மேலே சொன்ன அகச்சிவப்புதான் காரணம்.

கேள்வி: வீட்டிலுள்ள பழைய தஞ்சாவூர் ஓவியத்தைப் படமெடுத்துப் பாதுகாக்க விரும்புகிறோம். கண்ணாடிச் சட்டத்தைப் பிரிக்கப் பயமாக இருக்கிறது. போலரைசர் உதவுமா? (வாசகி, திருவையாறு)

பதில்: தனியே உதவாது. கண்ணாடியின் பிரதிபலிப்பு நன்றாக நீங்க 56 பாகை சாய்ந்து நிற்க வேண்டும். அப்படி எடுத்தால் ஓவியம் சரிவகமாகக் கோணும். நேராக நின்று எடுப்பதற்கு வழி வேறு. ஓவியத்தின் இருபுறமும் 45 பாகைச் சாய்வில் இரண்டு விளக்குகளை வைத்து, அவற்றின் முன்னால் போலரைசர் தாளை ஒரே திசையில் கட்டுங்கள். லென்ஸிலுள்ள போலரைசரை அதற்குக் குறுக்காகத் திருப்புங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். கண்ணாடியில் தெறித்த ஒளி லென்ஸில் நின்றுவிடும். வண்ணத்துக்குள் புகுந்து சிதறி வந்த ஒளி மட்டும் உள்ளே வரும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் இங்கேதான் சிக்கல். உலோகம் தன் மேல் விழுந்த ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றாமலே திருப்பி அனுப்புகிறது. ஆகவே தங்கத் தகட்டின் ஒளியும் கண்ணாடியின் ஒளியோடு சேர்ந்து அணைந்து, கிருஷ்ணனின் கிரீடம் மண் நிறமாகிவிடும். முழுக் குறுக்கிலிருந்து 15, 20 பாகை பின்னுக்குத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் தங்கம் திரும்பும், கொஞ்சம் கண்ணாடியும் திரும்பும், இரண்டுக்கும் ஒத்துவரும் இடத்தில் நிறுத்துங்கள். நான் இரண்டு படங்கள் எடுப்பேன்: ஒன்று வண்ணத்துக்காக முழுக் குறுக்கில், இன்னொன்று, மேடாக்கித் தகடு ஒட்டிய வேலைப்பாடு நிழலோடு தெரிய, ஒரே விளக்கைப் பக்கத்தில் வைத்து, ஃபில்டர் இல்லாமல். ஆவணத்துக்கு இரண்டும் வேண்டும்.

கேள்வி: சூரிய கிரகணத்தைப் பத்து ஸ்டாப் என்.டி. மாட்டி எடுக்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கூடாது. பத்து ஸ்டாப் ஆயிரத்தில் ஒரு பங்கை விடுகிறது. சூரியனுக்கு வேண்டியது லட்சத்தில் ஒரு பங்கு அளவு, அதுவும் அகச்சிவப்பையும் புற ஊதாவையும் சேர்த்துத் தடுக்கும், சூரியனுக்கென்றே செய்த ஃபில்டர். எஸ்.எல்.ஆர். கேமராவின் துளையில் கண் வைத்துப் பார்த்தால் விழித்திரை வெந்துவிடும், வலியே தெரியாது. 2019 டிசம்பர் 26இல் உங்கள் ஊர் வழியே போன கங்கண கிரகணம், 2031 மே 21இல் மறுபடி தென்னிந்தியாவைக் கடக்கிறது. சரியான ஃபில்டர் வாங்க நேரம் நிறைய இருக்கிறது.

கேள்வி: போலரைசர் லென்ஸில் இறுகிக்கொண்டு கழல மறுக்கிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: அழுத்திப் பிடித்தால் மெல்லிய வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். சமையலறையில் டப்பா மூடியைத் திறக்கும் அகலமான ரப்பர் பேண்டை ஃபில்டரின் பின்வளையத்தைச் சுற்றிப் போட்டு, ஐந்து விரலாலும் சமமாக, இலேசாகப் பிடித்து இடப்பக்கம் திருப்புங்கள். முன்வளையத்தைப் பிடித்தால் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும், கழலாது.